ரஸ்க் சாப்பிடவில்லை

பல்லி செத்துப்போனால் பழி தன் தலையில்தான் விழும் என்பதில் சசிகலாவுக்குச் சந்தேகமே இல்லை. விழாமல் எங்கே போகும்? அதை அடித்துப் போடுவேன் என்று உறவுக்காரர்கள் முன்னால் வாய் கூசாமல் சொன்னவளே அவள்தான்.

சொன்னது மகனுக்குக் கல்யாணம் முடிந்த வாரம். மகன் அன்பு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அதே கம்பெனியில் இருந்த கவிப்பிரியாவை விரும்பிக் கட்டிக்கொண்டான். அரூர்ப் பெண். வந்த அன்றே சமையலறைக்குள் நுழைந்து, எனக்குக் களி கிண்டத் தெரியாதுங்கத்தே என்று உள்ளதை உள்ளபடி சொன்ன பெண். சசிகலாவுக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. அவள் கூடவே கொண்டுவந்த கண்ணாடித் தொட்டியைத்தான் பிடிக்கவில்லை.

உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் பல்லி. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, வால் மட்டும் முள்ளங்கி கணக்காகக் கொழுத்திருந்தது. லெப்பர்டு கெக்கோ என்றாள் கவி. சிறுத்தைப் பல்லி என்று அன்பு தமிழில் விளக்கினான். அது கேட்பதற்கு இன்னும் மோசமாக இருந்தது. சுவரில் ஏறாதாம். நம்மைப் போலவே இமையை மூடித் திறக்குமாம். பெங்களூரு ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே கவியோடு இருக்கிறதாம். பெயர் ரஸ்க்.

சசிகலாவும் அவள் கணவன் மாயவனும் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். காரிமங்கலத்துக்கு மேற்கே கொஞ்சம் மல்பெரித் தோட்டம், வீட்டுக்குப் பின்னால் சன்னலுக்கெல்லாம் வலையடித்த புழு மனை. புழு வளர்க்கிற வீட்டுக்கு எறும்பும் பல்லியும் ஜென்ம விரோதிகள். கதவிடுக்கில் ஒரு வால் தெரிந்தால் போதும், சோற்றுக் கையைக் கழுவாமல் துடைப்பத்தோடு ஓடுகிறவள் சசிகலா. அப்படிப்பட்டவளிடம் ஒரு பல்லியைக் காட்டி அதன் பெயரையும் சொன்னால் என்ன ஆகும்? விருந்துக்கு வந்தவர்கள் இலையில் உட்கார்ந்திருக்கும்போதே வெடித்துவிட்டாள்.

"இந்த வூட்ல ஒண்ணு புழு இருக்கணும், இல்ல அது இருக்கணும். என் கண்ணு முன்னால வெச்சிங்கன்னா ஒரு நாளைக்கு நானே அடிச்சுப் போட்டுருவேன், சொல்லிட்டேன்."

கவி தொட்டியைத் துணி போட்டு மூடினாள். மறுநாளே ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கவியின் அம்மா பானுமதி அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் எதையும் மறக்கிற ரகம் இல்லை.

அதே பல்லி இப்போது சசிகலாவின் முன்னறையில், மேசைமேல். வளைகாப்பு முடிந்து கவி அரூருக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் பல்லியா என்று பானுமதி கதவையே சாத்திவிட்டாள். அன்பு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நண்பர்களோடு ஒரே அறையில் ஒண்டிக்கொண்டான். கடைசியில் வளைகாப்பன்று, கை நிறைய வளையலோடு கவி நேராகச் சசிகலாவிடமே வந்து நின்றாள்.

"நீங்க பாத்துக்குவிங்களாங்கத்தே? புழுவையே அப்படிப் பாக்கறவங்க. வேற யாரு கையில குடுத்தாலும் எனக்குத் தூக்கம் வராது."

வாய்க்கு வந்ததைப் பேசுகிறவளுக்கு, நம்பிக் கேட்கிறவளிடம் மட்டும் வாய் வராது. சசிகலா தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் என்னத்துக்கு ஆட்டினோம் என்று யோசித்தாள்.

கவி எல்லாம் சொல்லித்தான் போனாள். தொட்டிக்கு அடியில் ஒரு சூட்டு மேட், அதை அணைக்கக் கூடாது. தவிட்டு டப்பாவில் உள்ள மீல்வார்ம் புழுக்களை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடுக்கியில் பிடித்துக் காட்ட வேண்டும். மூலையில் ஓட்டை போட்ட சின்ன டப்பா ஒன்று, உள்ளே நனைத்த பாசி. அந்தப் பாசி மட்டும் காயவே கூடாதுங்கத்தே என்று இரண்டு தடவை சொன்னாள்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இடுக்கியை நீட்டுவாள். ரஸ்க் பூனை மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு வந்து லபக்கென்று பிடிக்கும். தின்று முடித்ததும் நாக்கால் உதட்டை ஒரு சுற்று நக்கும். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும். யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள்.

தை பிறந்து குளிர் இறங்கிய நாளில் ரஸ்கின் நிறம் மாறியது. மஞ்சள் மங்கி, சாம்பல் பூசியதுபோல் உடம்பு முழுக்க வெளுத்தது. இடுக்கியை நீட்டினாள்; முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி நீட்டினாள், மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

சசிகலா பதறவில்லை. பதறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு இது தெரிந்த விஷயமாகப் பட்டது, அதுதான் வினை. பட்டுப்புழு வளர்ந்து கூடு கட்டுவதற்குள் நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் தின்பதை நிறுத்திவிட்டு, வெளுத்து, அசையாமல் கிடக்கும். புழு ஜுரத்தில் இருக்கிறது என்பார்கள். ஜுரத்தில் கிடக்கிற புழுவைத் தொடக் கூடாது, இலை போடக் கூடாது. எல்லாவற்றையும் விட, ஈரம் ஆகவே ஆகாது. படுக்கை காய்ந்திருப்பதற்காக மேலே சுண்ணாம்புத் தூளைச் சலித்துத் தூவுவார்கள். அந்த வாரம் மனையிலும் புழுக்கள் நாலாம் ஜுரத்தில்தான் கிடந்தன. கையில் சுண்ணாம்புச் சல்லடையோடு முன்னறைக்கு வந்தவள் தொட்டியைப் பார்த்தாள், புரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

"ஏங்க, இதுக்கும் ஜொரங்க. தோலுரிக்கப் போவுது" என்று கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மாயவன் குனிந்து பார்த்தான். "ஆமா, அப்படித்தான் தெரியுது. கவியை ஒரு வார்த்தை கேட்டுக்கயேன்."

"இதுக்கெல்லாமா அந்தப் புள்ளயக் கேக்கறது? இத்தன வருசமா நான் பாக்காத ஜொரமா?"

ஈரப் பாசி டப்பாவை வெளியே எடுத்து வைத்தாள். தொட்டியைத் துடைத்துக் காயவிட்டாள். ரஸ்க் படுத்திருந்த இடத்தைச் சுற்றி, மேலே கொஞ்சம் விழுந்தாலும் நல்லதுதான் என்று, சுண்ணாம்பைத் தூவினாள். மேலே ஒரு துணியையும் போட்டாள். அன்றைக்கு அவள் மனசு நிறைந்திருந்தது. மருமகளின் பொருளை மருமகளைவிடப் பாங்காகப் பார்த்துக்கொள்கிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டால் மாமியாருக்கு வேறென்ன வேண்டும்?

மனையில் புழுக்கள் ஜுரம் தெளிந்து எழுந்தன. இலையைக் கொட்டக் கொட்ட, மழை பெய்கிற சத்தத்தோடு தின்றன. ரஸ்க் எழவில்லை. தோல் உரிந்ததுதான், ஆனால் புழுவுக்கு உரிவதுபோல் வழுக்கிக்கொண்டு வரவில்லை. துண்டு துண்டாக, காய்ந்த வெங்காயச் சருகுபோல் விரல்களிலும் முகத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்கவே இல்லை. இடுக்கியை உதட்டில் தொட்டுப் பார்த்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் கவி வழக்கம்போல் கூப்பிட்டாள். உடம்பு எப்படி, கால் வீக்கம் எப்படி என்று இவள் கேட்டாள். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்குதாம், டாக்டர் எந்நேரமும் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டாராம், மனசுக்குக் கவலை ஆகாதாம். அதைச் சொல்லிவிட்டுக் கவி கேட்டாள்.

"ரஸ்க் சாப்ட்டுச்சுங்களா?"

"சாப்ட்டுச்சு கண்ணு" என்றாள் சசிகலா.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அதன்பிறகு தினமும் வந்தது. வீடியோவில் காட்டுங்கத்தே என்றால் இங்கே டவர் கிடைக்கவில்லை என்பாள். போனை வைத்ததும் போய்த் தொட்டியை எட்டிப் பார்ப்பாள்.

மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஷிப்ட்டு மாற்றிப் போட்டிருக்கிறார்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையும் வர முடியாது என்றான் அன்பு. "அது சில சமயம் அப்படித்தாம்மா சாப்புடாம இருக்கும். விடுங்க. கவிகிட்ட மட்டும் வாயத் தெறந்துராதிங்க. பிரஷர் ஏறுச்சுன்னா வவுத்துல இருக்கற புள்ளைக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

மகன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டபிறகு அவளுக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியதுபோல் ஆயிற்று. பல்லியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் கவி. கவியிடம் மட்டும் சொல்லக் கூடாது.

மாயவனை வண்டி எடுக்கச் சொல்லிக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் இனிப்பு டப்பாவில் பல்லியை வைத்துக்கொண்டு நின்றவளை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து பொறுமையாகப் பார்த்தார்.

"நான் இதுக்கு வைத்தியம் பாத்ததில்லைங்கம்மா. தெரியாம ஊசி போட்டா செத்துரும். வளத்தவங்க யாரோ அவங்கள மொதல்ல கேளுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தபோது அவள் கண்ணில் பட்டது வால்தான். முள்ளங்கி கணக்காக இருந்த வால் வற்றி, நடு எலும்பு தெரிந்தது. உடம்பில் வைத்திருந்த சேமிப்பை எல்லாம் அது தின்று தீர்க்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு காலம் செய்யாததை அன்று செய்தாள். மனைக்குப் போனாள். தட்டுகளில் புழுக்கள் இலைமேல் மொய்த்துக்கொண்டிருந்தன. வளராமல் பின்தங்கிய புழுக்களை எப்படியும் பொறுக்கித்தான் போடுவார்கள். அவற்றை அவள் தொடவில்லை; சீக்குப் பிடித்ததாக இருந்தால்? வாகான, மினுமினுப்பான ஒரு புழுவைத் தேடி எடுத்தாள். தன் மனைப் புழுவைத் தானே கொண்டுபோய்ப் பல்லி வாயில் நீட்டுவாள் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் சொன்னவனுக்கு ஒரு வாரம் சோறு இறங்காதபடி திட்டியிருப்பாள். புழு இடுக்கியில் நெளிந்தது. ரஸ்க் அசையவில்லை. புழுவை அதன் உதட்டில் மெல்லத் தேய்த்தாள். மூடிய கண்ணோடு அது முகத்தை மூலையில் புதைத்துக்கொண்டது.

"தின்னேன். தின்னுத் தொலையேன். உன் கால்ல வுழறேன்" என்று அழுதுகொண்டே சொன்னாள். பின்னால் மாயவன் வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"என்னங்க சொல்லுவாங்க எல்லாரும்? மாமியாக்காரி பட்டினி போட்டே கொன்னுட்டான்னுதான சொல்லுவாங்க? பானுமதி சொல்லுவா. கவி வாயத் தெறந்து சொல்ல மாட்டா. நெனப்பா. காலம் பூராவும் நெனப்பா."

மாயவன் அவள் கையிலிருந்து இடுக்கியை வாங்கி வைத்தான். "அப்ப போயிச் சொல்லிரு. இங்க ஒக்காந்து அழுது என்ன பண்றது" என்றான்.

"பிரஷரு?"

"செத்தப்பறம் சொன்னா மட்டும் ஏறாதா?"

மறுநாள் காலையில் இலை போடும் வேலையைக் கணவன் தலையில் கட்டிவிட்டுப் புறப்பட்டாள். இனிப்பு டப்பாவில் துணி விரித்து, ரஸ்கை இன்னொரு துணியால் பிடித்து உள்ளே வைத்தாள். ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். தவிட்டு டப்பாவிலிருந்து நாலைந்து புழுக்களையும் எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டு மடியில் இறுக்கிக்கொண்டு காரிமங்கலத்தில் பஸ் ஏறினாள். தர்மபுரியில் இறங்கி அரூர் பஸ். உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவள் பையில் என்ன என்று கேட்டாள். மருமகளுக்குப் பலகாரம் என்றாள் சசிகலா. இன்னொரு பொய்.

வழியெல்லாம் டப்பா மூடியை நெம்பி நெம்பிப் பார்த்தாள். விலா ஏறி இறங்குகிறதா? இறங்குகிறது. ஒரு மேட்டில் பஸ் தூக்கிப் போட்டபோது பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. விரலை உள்ளே விட்டு வயிற்றைத் தொட்டாள். பல்லியை வெறும் கையால் அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. விரலுக்கடியில் மெல்லத் துடித்தது. அரூர் வரும்வரைக்கும் அந்த விரலை அவள் எடுக்கவில்லை.

ஒரு பக்கம் பல்லியின் உயிர், இன்னொரு பக்கம் கவியின் பிரஷர். கவிக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பல்லி செத்ததெல்லாம் ஒரு பழியா? பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். இறங்கவில்லை.

பானுமதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வாங்க சம்பந்தி, சொல்லாமக் கொள்ளாம வந்துருக்கிங்க" என்று வரவேற்றவள், விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்திய குரலில் கோபம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"புள்ளைக்கு என்ன நெலமைன்னு தெரிஞ்சுமா இத இங்க தூக்கிட்டு வந்திங்க? போங்க சம்பந்தி. செத்தா சாவட்டும். அப்பறமாச் சொல்லிக்கலாம்."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். முடியல" என்றாள் சசிகலா. பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

உள்ளேயிருந்து கவியின் குரல் வந்தது. "அத்தைய உள்ள வுடும்மா."

கவி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் ஊதி, கால் ஊதி, ஆளே மாறியிருந்தாள். சசிகலா டப்பாவைத் திறக்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வெளுத்தது, ஜுரம் என்று நினைத்தது, பாசியை எடுத்தது, சுண்ணாம்பு தூவியது, தினமும் பொய் சொன்னது. ஒன்றையும் மென்று விழுங்கவில்லை. சுண்ணாம்பு என்ற வார்த்தையில் பானுமதி நெஞ்சில் கை வைத்தாள்.

"சுண்ணாம்பா? கண்ணுல? வேணும்னே பண்ணிருக்காங்க பாரு கவி. அன்னைக்கே பந்தியில சொன்னாங்கல்ல, அடிச்சுப் போட்டுருவேன்னு."

இந்த வார்த்தையைத்தான் சசிகலா இத்தனை நாளும் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தாள். நேரில் கேட்டபோது, கவி என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தாள்.

"வேணும்னு பண்றவங்க ரெண்டு பஸ் மாறித் தூக்கிட்டு வருவாங்களாம்மா?" என்றாள் கவி. கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "நீ போயி வெதுவெதுன்னு தண்ணி கொண்டா. பட்ஸ் இருந்தா எடுத்துட்டு வா."

பானுமதி அசையாமல் நின்றாள். "மொதல்ல பிரஷர் பாக்கணும்" என்றாள். வீட்டிலேயே மெஷின் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டையைக் கவியின் கையில் சுற்றி, அது உஸ்ஸென்று ஊதி இறங்கும்வரை மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. காலையில் இருந்ததைவிடக் கூடவில்லை. பானுமதி மெஷின் காட்டிய எண்ணை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் தண்ணீர் வைக்கப் போனாள்.

"எனக்கு முன்னயே தெரியுங்கத்தே" என்றாள் கவி. "அது தெனமும் சாப்புடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். நீங்க தெனமும் சாப்ட்டுச்சு, சாப்ட்டுச்சுன்னு சொன்னிங்க."

சசிகலாவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "தெரிஞ்சும் ஏன் கண்ணு கேக்கல?"

"கேட்டா சந்தேகப்படறேன்னு நெனைப்பிங்க. நீங்களா சொல்லுவிங்கன்னு பாத்தேன். என்ன ஆச்சோ, என்ன ஆச்சோன்னு படுத்துக் கெடந்தேன் பாருங்க, அப்பத்தான் பிரஷர் இன்னும் ஏறுச்சு."

தண்ணீர் வந்தது. கவி டப்பாவைத் திறந்தாள். திறந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோல் உரிய ஈரம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பாசி டப்பா என்று சொன்னாள். ஈரம் இல்லாமல் பழைய தோல் கண்ணை மூடி ஒட்டிக்கொண்டது, உதட்டைச் சுற்றியும் காய்ந்து இறுகிவிட்டது. பார்க்காமலும் வாயைத் திறக்காமலும் அது எப்படித் தின்னும்? சொல்லும்போது குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அது இல்லாததுதான் சசிகலாவுக்குத் தாங்கவில்லை.

பானுமதி தன் பிடிவாதத்தை விடவில்லை. பிள்ளைத்தாச்சி அதைத் தொடக் கூடாது என்றாள். கவி தன் கைகளைப் பார்த்தாள். விரல்கள் வீங்கி மடங்கவே இல்லை. "நான் சொல்றேன், நீங்க எடுங்கத்தே."

"என்னயவா சொல்ற? இந்தக் கைதான கண்ணு சுண்ணாம்பு போட்டுச்சு."

"வேற கை இங்க இல்லிங்கத்தே."

சசிகலா தரையில் உட்கார்ந்தாள். ரஸ்கைக் கழுத்தளவு தண்ணீரில் வைத்து உள்ளங்கையால் தாங்கிக்கொண்டாள். எடையே இல்லை. முதலில் சுண்ணாம்பு போகக் கழுவினாள். தோல் ஊறும்வரை காத்திருந்தார்கள். பிறகு கவி சொல்லச் சொல்ல, பஞ்சைத் தேய்த்து விரல் விரலாக எடுத்தாள். மனையில் எத்தனையோ ஆயிரம் புழுவை நோகாமல் பொறுக்கிய கை அது. உதட்டைச் சுற்றி இருந்த வளையம் கடைசியில் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. ரஸ்க் வாயைத் திறந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை உதட்டில் வைத்தாள். நாக்கு வெளியே வந்து நக்கியது.

வலது கண்ணின் மேலிருந்த தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. கண் திறந்தது. இடது கண்ணில் எவ்வளவு நேரம் ஒற்றியும் ஒரு நூல்கூட அசையவில்லை. இழுக்காதிங்க, இழுக்காதிங்கத்தே, நாளைக்குப் பாத்துக்கலாம் என்றாள் கவி. கொண்டுவந்திருந்த புழுவைக் காட்டினார்கள். தின்னவில்லை.

கிளம்பும் நேரம் வந்தது. சசிகலா டப்பாவைக் கட்டிலோரம் வைத்துவிட்டு எழுந்தாள். கவி அதை எடுத்து அவள் பக்கமே நகர்த்தினாள்.

"எடுத்துட்டுப் போங்கத்தே."

"வேண்டாங் கண்ணு. இன்னொரு தடவ என்ன நம்பாத."

"பாசிய நனைச்சு வைங்க. தெனமும் கண்ணக் கழுவுங்க. சாப்புடலன்னா சாப்புடலன்னு சொல்லுங்க. அது போதும்."

பானுமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உள்ளே போய், ஆறிப்போன பாட்டிலில் புதிதாக வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்கப்புறம் வந்த சாயங்காலங்களில் சசிகலா சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். சாப்புடல கவி. இன்னைக்கும் சாப்புடல. சொல்வதற்கு நாக்கு கூசியது. சொன்னபிறகு சோறு இறங்கியது. தொட்டியைச் சுண்ணாம்பு வாடையே இல்லாமல் கழுவினாள். பாசி காய்ந்துவிடும் என்று எழுந்து எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தாள். மனையில் புழுக்கள் பழுத்துக் கூடு கட்ட ஆரம்பித்தன. வேலை கழுத்தை நெரித்தது. அதற்கு நடுவிலும் தினம் வெதுவெதுப்பான நீரில் அந்த இடது கண்ணைக் கழுவினாள். தோல் ஒரு நாள் தானாகவே கழன்றது. கீழே இருந்த கண் வெந்த மீனின் கண்ணைப்போல் வெளுத்திருந்தது. அவள் விரலை ஆட்டிப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை மட்டும் அவள் கவியிடம் சொல்லவில்லை. ஒருவேளை தெளிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூடு கட்டாமல் மிச்சமிருந்த புழுக்களை மாற்றிவிட்டு வந்த ஒரு காலையில், கையோடு ஒரு சின்னப் புழுவை எடுத்துவந்தாள். வழக்கம்போல் நேராக நீட்டினாள். ரஸ்க் அசையவில்லை. சலிப்போடு கையை எடுக்கப் போனவள், இடுக்கியை வலது பக்கமாகக் கொண்டுவந்தாள். தலை திரும்பியது. நுனி வால் லேசாக ஆடியது. சசிகலா மூச்சை அடக்கிக்கொண்டாள். ரஸ்க் ஓரடி வைத்தது, பாய்ந்தது, கொஞ்சம் தவறிவிட்டது. மறுபடி பாய்ந்தது. இடுக்கியில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. புழு இல்லை.

மாயவன் ஓடிவந்து பார்த்தபோது அவள் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவன் பயந்துபோய்த் தொட்டியை எட்டிப் பார்த்தான். ரஸ்க் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம்வரை காத்திருக்காமல் அப்போதே போனை எடுத்தாள். "சாப்ட்டுருச்சு கவி" என்றாள். அந்தப் பக்கம் கவி சிரிப்பது கேட்டது. அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வதும் கேட்டது. இத்தோடு போனை வைத்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். சசிகலா வைக்கவில்லை.

"வலது பக்கம் காட்டுனாத்தான் தெரியுது கண்ணு. இடது கண்ணு போயிருச்சு. அந்தக் கண்ணு இனிமே வராது. நான் போட்ட சுண்ணாம்புதான்."

கவிக்கு மூச்சு இழுத்து இழுத்து வருவது போனில் கேட்டது, அழுகிறாள். சசிகலா சமாதானம் சொல்லவில்லை. காதில் போனை அழுத்திக்கொண்டு, என்ன வந்தாலும் கேட்டுக்கொள்வது என்று நின்றாள். வெகுநேரம் கழித்துக் கவி மூக்கை உறிஞ்சினாள்.

"நாளன்னைக்கும் வலது பக்கமாவே குடுங்கத்தே" என்றாள்.